வெப்பமானி எங்கே தொங்குகிறது?



வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும் நாட்களில் எங்கள் வானொலிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி மாசி, பங்குனி மாதங்களில் தவறாமல் வரும். கேட்பவர் பெரும்பாலும் ஓர் அம்மாவாக இருப்பார். "தம்பி, கிறீன்ஹவுஸுக்குள்ளை மீற்றர் ஆறு டிகிரிக்குக் கீழை இறங்கவே இல்லை. பிறகேன் என்ரை கறிவேப்பிலைக் கண்டு கருகினது?" மீற்றர் பழுதா, கன்று பழுதா, இல்லையென்றால் விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்பது அவருடைய சந்தேகம்.

மூன்றும் இல்லை. மீற்றர் தான் தொங்கிய இடத்தின் வெப்பத்தைச் சரியாகத்தான் சொன்னது. கன்று நின்றது வேறு இடத்தில். ஆறடிக்கு எட்டடி என்று விற்கும் சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் மூலைக்கு மூலை வெப்பம் வேறு, உயரத்துக்கு உயரம் வேறு, மணிக்கு மணி வேறு. 'உள்ளே எத்தனை பாகை' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்லலாம்.

ரெய்னர்ஸ் லேன் பகுதி வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் ரயில் பாதையைத் தொடர்ந்து வயல்வெளிகளில் எழுந்தவை. இரண்டு இரண்டாக ஒட்டிய வீடுகள், பின்னால் நீளமான வளவு. வந்து இறங்கிய காலத்தில் ஓர் அறையில் நாலு பேர் படுத்தெழும்பியவர்களுக்குச் சொந்தமாக ஒரு பின்வளவு கிடைத்தபோது முதலில் நட்டது ரோசாச் செடி அல்ல. மிளகாய், கத்தரி, பாகல், அதோடு ஒரு கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலையும் அநேகமாகத் தெரிந்தவர் வீட்டு மரத்தின் வேரில் முளைத்த குட்டியாக இருக்கும். ஊரிலிருந்து பைக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது, தாவர நலச் சான்றிதழ் இல்லாத கன்றுகளைச் சட்டம் உள்ளே விடாது. தோடை, எலுமிச்சை இனங்களுக்குக் கொடிய நோயைக் காவும் ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். இங்குள்ள கடையில் சிறு கன்று வாங்கலாம். பத்து வருடம் வளர்த்த மரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால்தான் அந்த அம்மாவின் குரலில் அவ்வளவு கவலை.

முதலில் கூடு எப்படிச் சூடாகிறது என்று பார்ப்போம். ஊரில் எங்கள் பாடப்புத்தகத்தில் 'பச்சைவீட்டு விளைவு' என்று படித்தோம். (எனக்கு அப்போது பச்சை வர்ணம் பூசிய வீடுதான் மனதில் வந்தது. வர்த்தகப் பிரிவுக்குப் போனவனுக்கு அதற்கு மேல் யார் விளக்கப் போகிறார்கள்!) வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும், மண்ணும் செடியும் சூடாகி வெப்பக் கதிரை வெளிவிடும், அந்தக் கதிரைக் கண்ணாடி தாண்ட விடாது என்பது பாடம். அது பொய்யில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. 1909ஆம் ஆண்டு ஆர். டபிள்யூ. வூட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் கல்லுப்புத் தகட்டு மூடி. இரண்டுக்கும் ஒரே வகை வெயில் கிடைக்கும்படி, அதை முதலில் ஒரு கண்ணாடியினூடாக வடித்தும் விட்டார். இரண்டு பெட்டிகளும் 55 பாகை செல்சியஸ் மட்டில் ஏறி நின்றன. வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. ஆக, கூடு சூடாவதற்குப் பெரிய காரணம் உள்ளே சூடான காற்று தப்பிப் போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதுதான்.

இது தெரிந்தால் மிச்சம் தானாக விளங்கும். காற்று அசையும் பொருள். சூடானது மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். அது எங்கே போய்த் தங்குகிறதோ அங்கே அந்த வெப்பநிலை.

கோடை நாளில் மண்ணைத் தொட்டுச் சூடான காற்று மேலே எழும்பி முகட்டின் கீழே தேங்கும். தரையில் நிற்கும் கத்தரிச் செடிக்கும் முகட்டைத் தொடும் தக்காளிக் கொடிக்கும் ஒரே நேரத்தில் பல பாகை வித்தியாசம் வரும். காலையில் கிழக்குக் கண்ணாடி ஓரம் முந்திச் சூடாகும், பின்னேரம் மேற்கு ஓரம். கதவடியில் நிற்கும் செடி யார் வந்து போனாலும் ஒரு குளிர்க்காற்றை வாங்கும். கறுப்புப் பிளாஸ்ரிக் சட்டி வெயில் படும் ஓரத்தில் நின்றால், காற்று இதமாக இருக்கும்போதே வேர் வெந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு சூடாகலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறடிக்கு எட்டடிக் கூட்டின் தரை நாலரைச் சதுர மீற்றர். யூன் மாத நண்பகலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 800 வாற் வெயில் விழும். மொத்தம் மூன்றரைக் கிலோவாற்றுக்கு மேல். வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேற்றில் பெரும்பாலும் மூன்று கிலோவாற். கூட்டின் நடுவில் ஒரு கேற்றில் ஓயாமல் கொதித்துக்கொண்டிருப்பது போல. கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு வேலைக்குப் போனால், வெளியே 25 பாகை இருக்கும் நாளில் உள்ளே 45ஐத் தாண்டுவது ஒன்றும் பெரிய விடயமில்லை. 2022 யூலை 19ஆம் திகதி எங்களுக்கு அதிக தூரமில்லாத ஹீத்ரோவில் வெளியே, நிழலிலேயே, 40.2 பாகை பதிவானது. அன்று சாத்தியிருந்த கூடுகளுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தக்காளிக்கு 32 பாகைக்கு மேல் நீடித்தால் மகரந்தம் கெடும், பூ கொட்டும். 30ஐத் தாண்டினால் பழத்தில் சிவப்பு நிறம் ஊறுவதும் தடைப்படும். 'செடி நல்லாய்த்தான் இருக்கு, பூவெல்லாம் கொட்டுது, பழம் தோளிலை மஞ்சளாய் நிக்குது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் பதில். உரம் போட்டு இதை மாற்ற முடியாது. முகட்டு யன்னலைத் திறக்க வேண்டும். தோட்டக்கலையில் சொல்லும் அளவு, தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு முகட்டில் திறக்க வேண்டும் என்பது. நாலரைச் சதுர மீற்றர் தரைக்கு 0.9 சதுர மீற்றர். கடையில் வரும் சின்னக் கூடுகளில் பெரும்பாலும் ஒரேயொரு சிறு யன்னல்தான், அது போதாது. வேலைக்குப் போகிறவர்கள் மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பானைப் பூட்டலாம். சூட்டில் மெழுகு விரிந்து யன்னலைத் தள்ளும், குளிர்ந்தால் சுருங்கி மூடும். மின்சாரம் தேவையில்லை, மறதியும் கிடையாது.

இன்னொன்று எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்தது. வெயில் நாளில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்களே, அதேதான். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யூனிற் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காலையில் கூட்டின் தரையில் ஊற்றிய ஐந்து லீற்றர் ஆவியானால் மூன்று யூனிற்றுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு மணிநேர நண்பகல் வெயிலைத் தின்றுவிடும். யன்னல் திறந்திருந்தால்தான் அந்த ஆவி வெளியே போகும். மூடியிருந்தால் புழுக்கமும் பூஞ்சணமும்தான் மிச்சம்.

ஒரு கூரைக்குக் கீழே வெப்பம் எப்படி மாறும் என்பதை உடம்பால் உணர விரும்புகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போய் வாருங்கள். ரெய்னர்ஸ் லேனில் பிக்கடில்லி ரயில் ஏறி ஹமர்ஸ்மித்தில் டிஸ்ரிக்ற் மாறினால் சரி. அங்கே 1844 முதல் 1848 வரை டெசிமஸ் பேர்ட்டனும் டப்ளின் இரும்பு வேலைக்காரர் ரிச்சர்ட் ரேர்னரும் கட்டிய 'பாம் ஹவுஸ்' இருக்கிறது. தென்னை, ஈச்சை எல்லாம் உள்ளே. மேல் நடைபாதை திறந்திருக்கும் நாளில் சுழற்படியில் ஏறிப் பாருங்கள். படிக்குப் படி சூடும் ஈரமும் கூடுவதை மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் முதலில் அறிவார்கள். கட்டிய காலத்தில் வெயில் செடிகளைக் கருக்கிவிடும் என்று பயந்து பச்சை கலந்த கண்ணாடி போட்டிருந்தார்கள். லண்டன் வானத்தில் வெயிலே அரிது, அதையும் வடிகட்டுவானேன் என்று பிறகு சாதாரணக் கண்ணாடிக்கு மாற்றிவிட்டார்கள். அதே பூங்காவில் 1987இல் திறந்த 'பிரின்ஸஸ் ஒஃப் வேல்ஸ்' கண்ணாடி வீடு வேறு வகை. பாதி நிலத்துக்குள் பதிந்தது. ஒரே கட்டடத்துக்குள் பாலைவனம் முதல் மழைக்காடு வரை பத்துக் காலநிலைகளைக் கணினி வைத்துப் பராமரிக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பணம் செலவழித்து உண்டாக்கும் அந்த வித்தியாசம் எங்கள் பின்வளவுக் கூட்டில் இலவசமாகவே இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் தேடிப் பார்ப்பதில்லை.

இனி இரவு. கறிவேப்பிலையைக் கொல்வது இரவுதான்.

சூரியன் போனதும் கண்ணாடி முந்திக் குளிரும். முகில் இல்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வெறும் வானத்துக்கே கொடுத்துவிடும். கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, பாரமாகி, சுவரோடு வழுகிக் கீழே இறங்கித் தரையில் தேங்கும். பகலில் மேலே சூடு தேங்கியது போல இரவில் கீழே குளிர் தேங்கும். ஆகவே விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்குக் கூட்டின் மிகக் குளிர்ந்த இடம் கண்ணாடியோர மூலைத் தரை. வெப்பமானியோ கண்மட்டத்தில், நடுக் கம்பியில் தொங்கும். அங்கே ஆறு பாகை காட்டும் நேரத்தில் மூலையில் இருக்கும் சட்டி உறைநிலைக்குக் கிட்டப் போயிருக்கலாம். அதுவும் கண்ணாடியை ஒட்டிய இலை இன்னும் மோசம். காற்றின் குளிர் ஒருபுறம், தன் வெப்பத்தை எதிரே இருக்கும் குளிர்ந்த கண்ணாடிக்குக் கதிராக இழப்பது மறுபுறம்.

பொலித்தீன் கூடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண பொலித்தீன் வெப்பக் கதிரைக் கண்ணாடி போலத் தடுக்காது. காற்றில்லாத தெளிந்த இரவில் அதற்குள் வெளியைவிடச் சற்றுக் குளிராகப் போவதும் உண்டு.

இந்த இடத்தில் செடியை விட்டுவிட்டு மனிதருக்கு வருகிறேன். எங்கள் பல வீடுகளில் பின்பக்கம் கொன்சவேற்றரி இருக்கிறது. இடநெருக்கடி எல்லோருக்கும் தெரிந்தது. ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் அங்கேதான் ஒரு கட்டில் போடுகிறோம். அதுவும் ஒரு கிறீன்ஹவுஸ்தான், பெயர்தான் வேறு. சுவரிலிருக்கும் ஹீற்றருக்குப் பக்கத்தில் 18 பாகை காட்டலாம். இந்நாட்டுச் சுகாதாரத் துறை வீட்டுக்குள் ஆகக் குறைந்தது 18 பாகை இருக்கட்டும் என்று சொல்வதால் நாங்களும் திருப்திப்படுகிறோம். ஆனால் கண்ணாடியோரம் தலை வைத்துப் படுத்திருக்கும் வயதானவருக்கு அந்த 18 இல்லை. வழுகி இறங்கும் குளிர்காற்று அவர் தலைமாட்டில்தான் விழும், உடம்புச் சூடு இரவு முழுக்கக் கண்ணாடிக்குப் போகும். "குளிருது பிள்ளை" என்று அவர் சொன்னால் மீற்றரைக் காட்டி வாதாடாதீர்கள். கட்டிலை வீட்டுச் செங்கல் சுவர்ப் பக்கம் இழுத்துப் போடுங்கள், கண்ணாடிக்குத் தடித்த திரை போடுங்கள். முடிந்தால் குளிர்காலத்திலும் கடும் வெயில் நாளிலும் அவரை அங்கே படுக்க விடாதீர்கள், பிள்ளைகள் ஹோலில் படுக்கட்டும்.

சரி, கூட்டுக்குள் ஹீற்றர் வைத்தால் என்ன? கணக்காளனிடம் கேட்டால் கணக்குத்தான் வரும். இந்தச் சின்னக் கூட்டின் கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீற்றர். ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, ஆறு வாற் மட்டில் வெளியேறும். இடுக்குகளால் போவதையும் சேர்த்து 120 வாற் என்று வையுங்கள். இரவில் வெளியைவிட சராசரி ஆறு பாகை கூடுதலாக வைத்திருக்க 720 வாற். பதினாலு மணிநேரத்துக்குப் பத்து யூனிற். யூனிற் 27 பென்ஸ் என்று போட்டால் ஓர் இரவுக்கு 2 பவுண்ஸ் 70 பென்ஸ், தொண்ணூறு இரவுக்கு ஏறத்தாழ 245 பவுண்ஸ். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். ஒரு கறிவேப்பிலை மரத்துக்கு 245 பவுண்ஸ்!

வரவுப் பக்கம் என்ன? டிசெம்பரில் லண்டனில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாள் முழுவதும் விழும் வெயில் ஏறத்தாழ அரை யூனிற். யூனில் இதைவிடப் பத்து மடங்கு அளவில் வரும். அந்த அரை யூனிற்றை நாலரைச் சதுர மீற்றரால் பெருக்கினால் இரண்டேகால். தெற்குக் கண்ணாடியில் படும் சரிந்த வெயிலைச் சேர்த்தாலும் இன்னும் கொஞ்சம்தான். இரவுச் செலவு பத்து, பகல் வரவு இரண்டு மூன்று. இப்படி ஒரு வியாபாரத்தை என்னிடம் கொண்டுவந்தால் கடையைச் சாத்தச் சொல்லுவேன்.

கறுப்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தால் பகல் வெயிலைச் சேமித்து இரவில் கொடுக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அளவோடு. 200 லீற்றர் தண்ணீர் ஐந்து பாகை இறங்கினால் வெளியாவது 1.2 யூனிற்றுக்கும் குறைவு. பத்து மணிநேரத்துக்குப் பரவினால் கூடு முழுவதற்கும் ஒரு பாகை உயர்வு. சித்திரை மாதத்தில் எதிர்பாராமல் விழும் ஒரு பனிக்கு அந்த ஒரு பாகை நாற்றைக் காப்பாற்றும். மார்கழிக் குளிரை வெல்லாது.

அப்படியானால் வெயிலை மட்டும் நம்பிக் குளிர்காலத்தில் பயிர் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? லடாக்கில், லே நகரம் 3500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும், பாதைகள் பனியால் மூடினால் பச்சைக் கீரைக்கே வழியில்லை. அங்கே ஜெரெஸ் என்ற பிரெஞ்சு அமைப்பும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து 2000களில் நூற்றுக்கணக்கான சூரியக் கூடுகளைக் கட்டுவித்தன. நாலுபக்கமும் கண்ணாடி இல்லை. நீளப்பாடு கிழக்கு மேற்கு. வடக்குச் சுவர் இரட்டை மண்கல், இடையில் வைக்கோல் போன்ற பொருள். தெற்குப் பக்கம் மட்டும் பொலித்தீன், இரவில் அதற்கும் ஒரு துணித்திரை. பகலில் மண்சுவர் வெயிலைக் குடிக்கும், இரவில் திருப்பிக் கொடுக்கும். வட சீனாவில் 1980களில் பரவிய கூடுகளும் இந்த மாதிரித்தான், மாலையில் மேலே வைக்கோல் பாயை உருட்டி மூடுவார்கள். அங்கேயும் உள்ளே ஒரே வெப்பம் கிடையாது. சுவரோரம் இதம், முன்பக்க அடி குளிர். அதனால் முன்னடியில் பள்ளம் தோண்டி வைக்கோல் நிரப்பி, வெளிமண்ணின் குளிர் உள்ளே ஊறாமல் மறிக்கிறார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா என்றால், முழுவதும் முடியாது. லேயில் டிசெம்பர் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில் நிற்கும், வானமும் பெரும்பாலும் தெளிவு. ரெய்னர்ஸ் லேனில் 15 பாகைதான், அதுவும் முகிலுக்குப் பின்னால். (யாழ்ப்பாணத்தில் அதே நாளில் 57 பாகை. அங்கே எங்களுக்குத் தேவைப்பட்டது வெயிலை மறைக்கும் ஓலைதான்.) இந்த 15 பாகைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆறடி வேலியின் நிழல் டிசெம்பர் நண்பகலில் இருபத்திரண்டு அடி நீளும். வளவின் தெற்கு வேலியோரம் ஒதுக்குப்புறமாகக் கூட்டை வைத்தவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க அந்த இரண்டு மூன்று யூனிற்றும் கிடையாது. யூனில் சூரியன் 62 பாகையில் நிற்கும், அதே வேலியின் நிழல் மூன்றடிக்குச் சற்று அதிகம். கோடையில் இடம் பார்த்து வைத்தவர்கள் ஏமாறுவது இதில்தான்.

லடாக் மண்சுவருக்கு எங்களிடம் பதில் ஒன்று இருக்கிறது. வீட்டின் சொந்தச் செங்கல் சுவர்தான் அது. வளவு தெற்குப் பக்கமாக இருந்தால், தனியாக நிற்கும் கூட்டைவிட வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டும் அரைக்கூடு மேல். ஒரு பக்கக் கண்ணாடி மிச்சம், சுவர் பகல் வெயிலைச் சேர்க்கும், வீட்டுக்குள் நாங்கள் எரிக்கும் ஹீற்றிங்கில் கொஞ்சமும் அதனூடாகக் கசியும். தனிக்கூடு ஏற்கெனவே இருப்பவர்கள் வடக்குப் பக்கத்தையும் கூரையின் வடக்குச் சரிவையும் குளிர்காலத்துக்கு மட்டும் காற்றுக்குமிழிப் பொலித்தீனால் உள்ளிருந்து போர்த்தலாம். அங்கிருந்து வரும் வெளிச்சம் சொற்பம், போகும் வெப்பமோ அதிகம். தெற்கை வெளிச்சத்துக்கு விடுங்கள்.

மண்ணெண்ணெய் ஹீற்றர் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லீற்றர் எரித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் கூட்டுக்குள் சேரும். அது குளிர்ந்த இலையில் படிந்து சாம்பல் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். அதைவிட, அடைத்த இடத்தில் சரியாக எரியாத சுவாலை காபன் மொனொக்சைட்டை வெளிவிடும். மணமில்லாத நஞ்சு. காற்றோட்டம் இல்லாமல் கூட்டுக்குள் ஏற்றாதீர்கள், கொன்சவேற்றரிக்குள் எந்த நிலையிலும் வேண்டாம்.

உங்கள் கூட்டின் குணத்தை அறிய ஆகக்கூடிய, ஆகக்குறைந்த வெப்பநிலை இரண்டையும் பதிந்து வைக்கும் மலிவான மீற்றர்கள் மூன்று, நாலு போதும். ஒன்று தரையில் மூலையில், ஒன்று நடுவில் செடி உயரத்தில், ஒன்று முகட்டின் கீழே, ஒன்று சுவரோரம். நேர்வெயில் படாமல் சின்ன வெள்ளை மறைப்பு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மீற்றர் காற்றை அளக்காமல் தன்னுடைய சொந்தச் சூட்டையே அளக்கும். வானிலை நிலையங்களில் வெள்ளைச் சலாகைப் பெட்டிக்குள் வைப்பது இதற்காகத்தான். அந்தப் பெட்டியை வடிவமைத்த தோமஸ் ஸ்ரீவன்சன், கதாசிரியர் ரொபேர்ட் லூயி ஸ்ரீவன்சனின் தகப்பன். ஒரு கிழமை காலையிலும் மாலையிலும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். நானும் எழுதியிருக்கிறேன், நாலும் ஒரே எண்ணைக் காட்டிய நாள் ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்தபின் எந்தச் சட்டி எங்கே போகவேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தேவைப்படாது. வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் குளிர் மூலையைத் தாங்கும். மிளகாய் நாற்று இதமான சுவரோரம், தரையில் அல்ல, தட்டில்.

கறிவேப்பிலையைப் பொறுத்தவரை என் முடிவு வேறு. அது பங்குனி கடைசியிலிருந்து ஐப்பசி வரை கூட்டில் நிற்கட்டும். இரவு 10 பாகையை நெருங்கத் தொடங்கியதும் சட்டியோடு வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். அந்தக் குளிரில் அது வளர்ச்சியை நிறுத்தி இலையைக் கொட்டும், உறைபனி பட்டால் கிளை கருகும். தெற்கு யன்னலடி நல்ல இடம், ஆனால் இரவில் திரையை இழுக்கும்போது கவனியுங்கள். செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகப்பட்டால், வீட்டுச் சூடு இந்தப் பக்கம், செடி அந்தப் பக்கம். மூலைத் தரையில் வைத்த மாதிரித்தான் ஆகும். திரைக்கு இந்தப் பக்கம் எடுத்து வையுங்கள். றேடியேற்றருக்கு நேர் மேலேயும் வேண்டாம், அங்கே இலை காய்ந்துவிடும். தண்ணீரைக் குறையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம். தையில் இலை முழுக்கக் கொட்டிவிட்டாலும் உடனே எறிந்துவிடாதீர்கள். அடித்தண்டை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வைகாசி வரை பொறுங்கள். தொலைபேசியில் கேட்ட அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.